உப்புக்காற்றில் பழைய கார்: முழு பெயின்ட் அடிக்கும் வரை துருவை நிறுத்தி வைக்கும் வழி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், மரக்காணம் வந்துவிட்டதை உப்பு மேடுகளை வைத்தே தெரிந்துகொள்வார்கள். பக்கிங்காம் கால்வாயும் கழுவேலி ஏரியும் அருகில் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்து ஊர் இது. இங்கே 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் உப்பளங்கள் இருக்கின்றன. உப்பளத்தைத் தாண்டினால் தர்பூசணி, மணிலா, நெல், சவுக்கு என்று வெள்ளாமை தொடங்கிவிடும்.

இந்தப் பக்கத்து விவசாயி வீட்டு வாசலில் நிற்கும் பழைய கார், சவாரிக்கு மட்டும் வாங்கியது அல்ல. விதை மூட்டை, உர மூட்டை, ரிப்பேருக்குப் போகும் பம்ப்செட் மோட்டார், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அதுதான். கதவின் அடியிலும் மட்கார்டு ஓரத்திலும் துரு தலைகாட்டும்போது, 'முழுசாக ஒருமுறை பெயின்ட் அடித்துவிடலாம்' என்று வீட்டில் பேச்சு வரும். 'தர்பூசணி வெட்டு முடியட்டும்', 'நெல் போட்ட பணம் கைக்கு வரட்டும்' என்று அது தள்ளியும் போகும். இதில் தவறில்லை. முழு பெயின்ட் என்பது கையில் பணமும், வண்டி இல்லாமல் சில நாட்களைத் தள்ளும் வசதியும் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

ஆனால், துரு அதுவரை காத்திருக்காது. இன்று ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள துருப்புள்ளி, ஒரு மழைக்காலம் கடந்தால் தகட்டையே தின்றுவிடலாம். அப்புறம் பெயின்ட் கடையோடு வேலை முடியாது. டிங்கரிங் கடையில் தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்த பிறகுதான் பெயின்டைப் பற்றிப் பேச முடியும். நடுவில் ஒன்றிரண்டு நாள் ஒதுக்கிச் செய்யும் தற்காலிகப் பராமரிப்பு, இந்தச் செலவைத் தவிர்க்கும். அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். கடலோரத்தில் சரியாகச் செய்வது என்றால், துருவைச் சுரண்டுவதோடு அதன் அடியில் இருக்கும் உப்பையும் வெளியேற்றிவிட்டு மூடுவது. உப்பை உள்ளே வைத்து மேலே பெயின்ட் அடித்தால், அந்த இடம் முன்பைவிட வேகமாக அரிக்கும். வெளியே தெரியவும் தெரியாது.

மரக்காணத்தில் துரு ஏன் இவ்வளவு வேகம்?

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு இந்த வேலையை இரண்டு வழிகளில் விரைவுபடுத்துகிறது. முதலாவது, உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பதே இரும்பின் பரப்பில் நடக்கும் ஒரு சிறு மின்வேதி வினை. கிட்டத்தட்ட பேட்டரி வேலை செய்வதைப் போன்றது. உப்புநீர் அதற்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் உண்டாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைத்துவிடுகிறது.

இரண்டாவது, உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சாதாரண சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது கசியத் தொடங்கும். கடல்நீரில் சமையல் உப்போடு மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு இது கண்கூடு. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர், எவ்வளவு வெயில் அடித்தாலும் லேசில் காய்வதில்லை. கடல்காற்றில் வந்து காரின் மேல் படியும் உப்பிலும் இதே பொருள் உண்டு. அதனால்தான், மழை பெய்யாத நாளிலும் பனி இறங்காத பகலிலும் துருப்புள்ளியின் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கிறது.

துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த வீக்கம்தான் பெயின்டைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. கொப்புளம் வெடித்ததும் உப்பும் ஈரமும் அடுத்த அங்குலத்துக்குள் நுழைகின்றன.

கடலோரத்தில் இரும்பு படும் பாட்டை ஆராய்வதற்கென்றே தமிழ்நாட்டில் ஓர் இடம் இருக்கிறது. 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து, அவை அரிக்கப்படும் வேகத்தைக் கணக்கெடுத்து வந்திருக்கிறது. கடலை விட்டு விலகிப் போகப் போக காற்றில் உப்பு குறையும் என்பது பொதுவான விதி. உப்பளப் பகுதியில் இந்த விதி முழுதாகப் பலிக்காது. பாத்திகளும், உப்பு மேடுகளும், உப்பு ஏற்றிய லாரிகள் சிந்திக்கொண்டு போகும் சாலையும் ஊருக்குள்ளேயே இருப்பதால், கடலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் வீடுகளின் வண்டிகளும் தப்புவதில்லை.

விவசாயி காருக்கு மட்டும் உள்ள இரண்டு ஆபத்துகள்

ஒன்று, உர மூட்டை. மூட்டை ஏற்றிய டிக்கியில் சிந்திய பொட்டாஷ் உரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் ஏறத்தாழ 47 சதவீதம் குளோரின்தான். கடல் உப்பு செய்யும் கேட்டை இதுவும் செய்யும். அம்மோனியம் சல்பேட்டும் தகட்டை அரிக்கும். யூரியா ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும். டிக்கியின் தரைவிரிப்புக்கு அடியில், ஸ்டெப்னி டயர் வைக்கும் பள்ளத்தில் இவை தங்கி, தகட்டை உள்ளிருந்து வெளியே அரிக்கின்றன. உர மூட்டை ஏற்றும்போது அடியில் தார்ப்பாய் விரிப்பதும், இறக்கியவுடன் டிக்கியைத் துடைப்பதும் பழக்கமாக வேண்டும்.

மற்றொன்று, கழுவும் தண்ணீர். உப்பளத்தை ஒட்டிய போர்வெல்களில் பல உவர்நீரைத்தான் தருகின்றன. பாசன நீரின் உப்புத்தன்மையை மின்கடத்துத் திறன் என்ற அளவால் சொல்கிறோம். அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குக் கடும் பாதிப்பு. அந்த அளவுள்ள நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 1.9 கிராம் உப்பு கரைந்திருக்கும். அப்படியானால் 15 லிட்டர் வாளி ஒன்றில் 29 கிராம் வரை உப்பு. அந்த நீரால் காரைக் கழுவி வெயிலில் காய விட்டால், நீர் ஆவியாகிப் போகும். உப்பு தகட்டில் தங்கும். பாத்தியில் உப்பு விளைவதும் இப்படித்தானே!

எனவே, பாசன நீரைப் பரிசோதிக்கக் கொடுக்கும்போது வரும் அறிக்கையை வண்டிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். நீர் உவராக இருந்தால், அழுக்கு போக அதில் கழுவினாலும், கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ குடிநீரோ வேண்டும். ஒரு காருக்கு இரண்டு வாளி போதும்.

முதலில் துருவின் வகையைப் பார்க்க வேண்டும்

எல்லாத் துருவும் வீட்டில் பார்க்கக்கூடியது அல்ல. காரைக் கழுவிக் காயவைத்த பிறகு, ஒவ்வொரு துருப்புள்ளியையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் தகடு உறுதி. பொத்தென்று கேட்டால் உள்ளே அரிப்பு. பிறகு நுனியால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

மேல்துரு: கல் பட்ட இடம், கீறல் விழுந்த இடத்தில் செந்நிறமாகத் தெரியும். தகடு அசையாது. தற்காலிகப் பராமரிப்புக்கு மிக ஏற்றது இதுதான்.

கொப்புளத் துரு: பெயின்ட் உப்பியிருக்கும். வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகம் பரவியிருக்கும். உறுதியான பெயின்ட் வரும் வரை சுரண்டிப் பார்த்த பிறகே அளவு தெரியும். அடியில் தகடு திடமாக இருந்தால், பள்ளம் பள்ளமாக இருந்தாலும் வீட்டிலேயே பார்க்கலாம்.

பொத்தல்: ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கிவிட்டால், அது பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வந்த துரு. மேலே எதை அடித்தாலும் நிற்காது. இது வெல்டிங் வேலை.

இதற்கும் மேல், எந்த வகைத் துருவாக இருந்தாலும் வீட்டில் மூடி மறைக்கக் கூடாத இடங்கள் உண்டு. அம்பாசடர், மாருதி 800 போன்ற கார்களில் லாரிக்கு இருப்பதுபோல் தனி சேசிஸ் கிடையாது. உடல்தான் பாரம் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் பொருத்தப்பட்ட இடங்கள், ஜாக்கி வைக்கும் இடம், சீட் பெல்ட் முடுக்கிய இடம், பிரேக் பைப், பெட்ரோல் டேங்க் ஆகியவற்றில் ஆழமான துரு தெரிந்தால், பெயின்ட் பற்றிய யோசனையை ஒத்திவைத்து முதலில் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இங்கே பூசி மெழுகினால், துரு வளர்வது கண்ணுக்குத் தெரியாமல் போய், குடும்பத்தோடு போகும் ஒரு நாளில் பிரேக்கோ சக்கரமோ கைவிடும். காசு இல்லை என்று தள்ளிப்போடக் கூடாத செலவு இது ஒன்றுதான்.

எப்போது செய்யலாம்?

வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசி மாதங்கள் நல்ல காலம். அப்போது தவறினால், அடுத்த மழைக்கு முன்பாக ஆவணியில் மழையில்லாத நாளாகப் பார்க்கலாம்.

காலை 10 மணிக்கு முன் தொடங்க வேண்டாம். தை மாதத்தில் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனியீரம் இருக்கும். பெயின்ட் பூசும்போது தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் பெயின்ட் தொழிலின் பொது விதி. தகடு உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுடுகிற தகட்டிலும் அடிக்கக் கூடாது. மேல் மட்டும் காய்ந்து உள்ளே குமிழி விடும். பிற்பகலில் கடல்காற்று ஏறினால் அதோடு உப்பும் வரும். ஆகவே, காற்று மறைவான நிழலில், கடல்காற்று ஏறும் முன் பிரைமர் அடித்து முடிப்பது நல்லது.

தேவையான பொருட்கள்

சுரண்டும் தகடு, கம்பி பிரஷ், 80, 180, 320 எண் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், சுத்தமான பருத்தித் துணி, கொஞ்சம் தின்னர், கார் கழுவும் ஷாம்பு, துருமாற்றி ஒரு சின்ன பாட்டில், எபாக்சி பிரைமர், கார் நிறத்துக்கு நெருக்கமான டச்சப் பெயின்ட், கடைசி அலசலுக்கு மழைநீர் அல்லது குடிநீர். சின்னச் சின்னப் புள்ளிகளை அலச, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே போதும். கையுறை, கண் கண்ணாடி, மூக்குக் கவசம் கட்டாயம். பழைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம். அதைக் குழந்தைகளும் மாடு, கோழிகளும் நடமாடும் இடத்தில் உதிர விடக் கூடாது. காகிதம் விரித்துப் பிடித்து எடுத்துவிட வேண்டும்.

வேலை வரிசை

முதல் நாள்: சுரண்டலும் அலசலும்

1. காரை முழுவதுமாகக் கழுவ வேண்டும். சோப்புத் தூளில் வேறு உப்புகள் கலந்திருக்கும் என்பதால் ஷாம்புதான் நல்லது. மட்கார்டின் உட்புறம், கதவின் அடி, பம்பர் பின்புறம் ஆகிய இடங்களில் ஒட்டியிருக்கும் சேற்றைக் கையால் வழித்து எடுக்க வேண்டும். கதவின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகள் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் திறந்துவிட வேண்டும். கதவுக்குள் தேங்கும் நீர்தான் பல கதவுகளுக்கு எமன்.

2. துருப்புள்ளியைச் சுற்றி டேப் ஒட்டி, உதிரும் பெயின்டையும் துருவையும் சுரண்ட வேண்டும். உறுதியான பெயின்ட் வரும் வரை நிறுத்தக் கூடாது. புள்ளி பெரிதாகிறதே என்று பயந்து பாதியில் விட்டால், மிச்சத்துரு மீண்டும் கிளம்பும். கிரைண்டர் பிடித்தால் தகடு மெலிந்துவிடும். கையால் செய்வதே பாதுகாப்பு.

3. 80 எண் தாளால் தேய்த்து, பள்ளங்களுக்குள் கம்பி பிரஷ் விட்டு, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். வெந்நீர் என்றால் உப்பு விரைவாகக் கரையும். தேய்ப்பதும் அலசுவதுமாக மூன்று முறையாவது செய்து, துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும்.

4. அன்றிரவு அப்படியே மூடிய கொட்டகையில் விட வேண்டும். இது சோதனைக்காக. மறுநாள் காலை பள்ளங்களுக்குள் குண்டூசித் தலை அளவில் புது ஆரஞ்சு நிறப் புள்ளிகள் எழும்பியிருந்தால், அங்கே உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் மறுபடி பிரஷ் விட்டு அலச வேண்டும். தகடு முழுவதும் மெல்லிய மஞ்சள் பூத்திருந்தால் அது இரவு ஈரத்தால் வந்தது. மறுநாள் தேய்ப்பில் போய்விடும். அலுப்பாகத் தெரியும் இந்தப் படிதான், கடலோரத்தில் பராமரிப்பு நிற்பதையும் தோற்பதையும் தீர்மானிக்கிறது.

இரண்டாம் நாள்: மூடுதல்

5. 180 எண் தாளால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, பெயின்ட் விளிம்பை 320 எண் தாளால் சரிவாக்க வேண்டும். விளிம்பு படிக்கட்டு போல் நின்றால் அங்கே ஈரம் புகும். கடைசியாக தின்னர் தோய்த்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். இதற்குப் பிறகு விரல் படக் கூடாது, வியர்வையும் உப்புதான்.

6. பள்ளத்துக்குள் எடுக்கவே முடியாத கருந்துரு இருந்தால் மட்டும் துருமாற்றி பூச வேண்டும். பாட்டிலில் சொன்ன நேரம் வரை காயவிட்டு, கழுவச் சொல்லியிருந்தால் கழுவ வேண்டும். அமிலம் மிச்சமிருந்தால் எபாக்சி பிரைமர் ஒட்டாது. பளிச்சென்ற தகட்டுக்குத் துருமாற்றி தேவையில்லை.

7. எபாக்சி பிரைமரை மெல்லியதாக இரண்டு பூச்சு. கடைசித் தேய்ப்புக்கும் முதல் பூச்சுக்கும் இடையில் நேரம் போகக் கூடாது. இந்தக் காற்றில் தேய்த்த இரும்பு சில மணி நேரத்திலேயே மீண்டும் மஞ்சளிக்கும். எனவே அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவு புள்ளிகளை மட்டுமே இறுதியாகத் தேய்க்க வேண்டும்.

8. பிரைமர் காய்ந்ததும் டச்சப் பெயின்ட் இரண்டு பூச்சு, சுற்றியுள்ள பழைய பெயின்டின் மேல் சற்று ஏறுமாறு. சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. பிரைமரோடு நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் ஓட்டினால் அடியில் மீண்டும் துரு வரும். நிறம் பொருந்தவில்லை என்றாலும் பரவாயில்லை, மேல்பூச்சு வேண்டும்.

துருமாற்றி என்பது என்ன?

கடைகளில் கிடைக்கும் துருமாற்றிகளில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டெல்லியில் சுமார் 1,600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கும் இரும்புத் தூணைக் காப்பதும், அந்த இரும்பில் இயல்பாகவே இருந்த பாஸ்பரஸால் உண்டான பாஸ்பேட் படலம்தான் என்று விஞ்ஞானிகள் விளக்கியிருக்கிறார்கள். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வினைதான். அதற்காகக் கடுக்காய்த் தண்ணீரைக் காரில் பூசத் தேவையில்லை. துருமாற்றி துருவை மாற்றும், உப்பை மாற்றாது. அலசலுக்கு அது மாற்று ஆகாது.

பிறகு வரும் முழு பெயின்டைக் கெடுக்காமல்...

தற்காலிக வேலை, நாளைய நிரந்தர வேலைக்குத் தடையாக இருக்கக் கூடாது. சிலிக்கான் கலந்த பாலிஷ், சிலிக்கான் பசை ஆகியவற்றைப் புள்ளிகளில் தடவினால், பின்னால் அடிக்கும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக ஒதுங்கும். தார் பூசினால் அது புதுப் பெயின்டுக்குள் கசிந்து கறையாகும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரும் எனாமலும் டிரெய்லருக்குச் சரி. காரில் அவற்றின் மேல் வீரியமான தின்னர் கலந்த கார் பெயின்ட் ஏறினால், அடிப்பூச்சு சுருங்கித் தூக்கிக்கொள்ளலாம். ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பது எல்லாவற்றிலும் மோசம். ஓரத்தில் புகும் ஈரம் வெளியேற வழியில்லை.

எந்த இடத்தில், எந்தத் தேதியில், என்ன பொருள் பூசப்பட்டது என்று நோட்டில் எழுதி, செல்போனில் படமும் எடுத்து வைக்க வேண்டும். பெயின்டரிடம் கொடுக்கும்போது அதைக் காட்டினால், எதைச் சுரண்டி எடுப்பது, எதை விட்டு வைப்பது என்று அவர் முடிவு செய்ய வசதி.

அன்றாடக் கவனிப்பு

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் அலசல், குறிப்பாக அடிப்பகுதியில். உப்பு லாரிகளுக்குப் பின்னால் மழையில் ஓட்டி வந்த நாளில் அன்றே அலச வேண்டும். மண்தரையிலும் புல்லின் மேலும் நிறுத்தாமல், ஜல்லியோ செங்கல்லோ பரப்பிய இடத்தில் நிறுத்தினால் அடியீரம் குறையும். மாட்டுக் கொட்டகைக்குள் நிறுத்த வேண்டாம். சாணமும் மூத்திரமும் எப்போதும் ஈரத்தைத் தந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடுவதும் தவறு. உள்ளே வேர்த்து, ஈரம் வெளியேறாது. காற்றோட்டமுள்ள கூரை நிழலே சிறந்தது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது, மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இப்படிப்பட்ட வெள்ளத்தில் நின்ற காரை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, மெக்கானிக் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் தரைவிரிப்பு, சீட் ஆகியவற்றை வெளியே எடுத்து, தரைத் தகட்டை நல்ல தண்ணீரால் அலசிக் காயவைக்கலாம். உப்பளம் கலந்த வெள்ளநீர் தரைவிரிப்புக்குள் தங்கினால், தரைத்தகடு சீக்கிரமே அரித்துப் போகும்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

கேள்வி: பழைய இன்ஜின் ஆயிலையோ கிரீஸையோ தடவி வைத்தால் போதாதா?

பதில்: பெயின்ட் அடிக்கப் போகும் வெளிப்பகுதியில் தடவக் கூடாது. எண்ணெய் இறங்கிய இடத்தில் பெயின்ட் ஒட்டாது. பழைய இன்ஜின் ஆயிலில் அமிலமும் உலோகத் தூளும் இருக்கும். அது சொட்டினால் மண்ணும் கிணற்று நீரும் கெடும். கதவின் உட்புறம், டிக்கி ஓரம் போன்ற மறைவிடங்களுக்கென்று தனியாக மெழுகுப் பூச்சு விற்கிறார்கள். கழுவி நன்றாகக் காயவைத்த பிறகு அதை அடிக்கலாம். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: துருவின் மேல் பட்டி போட்டுச் சமன் செய்துவிட்டால் பார்க்க நன்றாக இருக்குமே?

பதில்: கொஞ்ச நாளைக்கு நன்றாக இருக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். துருவின் மேல் போட்டால் ஈரத்தை அங்கேயே பிடித்து வைத்து, ஒருநாள் தகட்டோடு பெயர்ந்து வரும். பள்ளம் தெரிந்தாலும் தற்காலிக வேலையில் பட்டியைத் தவிர்ப்பதே நல்லது. முழு பெயின்டின்போது, எபாக்சி பிரைமருக்கு மேல் பெயின்டர் போட்டுக்கொள்வார்.

கேள்வி: புளி, எலுமிச்சை வைத்துத் துருவை எடுக்கலாமா?

பதில்: கழற்றி எடுக்கக்கூடிய நட்டு, போல்ட், ஸ்பேனர்களை ஊறவைத்துத் தேய்க்கலாம். நன்றாகக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். பாத்திரம் தேய்ப்பது போல அதோடு உப்புச் சேர்க்கக் கூடாது. காரின் உடலில் வேண்டாம். தகட்டின் இணைப்புகளுக்குள் இறங்கிய புளிப்பை வெளியே எடுக்க முடியாது.

கேள்வி: டிராக்டர், டிரெய்லர், ரோட்டவேட்டருக்கும் இதே முறைதானா?

பதில்: சுரண்டல், அலசல், ஒரு இரவு சோதனை எல்லாம் அதேதான். இவற்றுக்கு ரெட் ஆக்சைடு பிரைமரும் எனாமலும் போதும். டிரெய்லரில் உரமோ உப்போ ஏற்றிய அன்றே அலசிவிட வேண்டும். டிராக்டரோடு மாட்டும் கொக்கி, பின், அச்சு ஆகியவற்றில் ஆழமான துருவோ விரிசலோ தெரிந்தால், பெயின்ட் அடிக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: இப்படிச் செய்தது எவ்வளவு நாள் தாங்கும்?

பதில்: ஒரு மழைக்காலத்தைத் தாண்ட வைப்பதுதான் நோக்கம். மாதம் ஒருமுறை, நோட்டில் குறித்த இடங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்போ சிறு உப்பலோ தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் உடனே திறந்து மறுபடி செய்ய வேண்டும். ஒரே இடம் இரண்டாம் முறையும் உப்பினால், துரு உள்ளிருந்து வருகிறது என்று கொள்ளலாம். அப்போது டிங்கரிடம் காட்டுவதே வழி.

கேள்வி: கார் வாங்கி 15 ஆண்டு ஆகப்போகிறது. இப்போது முழு பெயின்ட் அடிக்கலாமா, வேறு நிறம் மாற்றலாமா?

பதில்: சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடியும். அதன்பின் வண்டியை ஆய்வு செய்து 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கிறார்கள். எனவே முதலில் அடிப்பகுதி, பிரேக், தரைத்தகடு ஆகியவை அந்த ஆய்வில் தேறுமா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, வெல்டிங் வேலை இருந்தால் அதை முடித்துவிட்டு, பெயின்டைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் பணத்துக்கு நல்லது. நிறத்தை மாற்றுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, பதிவுச் சான்றிதழிலும் அந்த மாற்றத்தைப் பதிந்துகொள்ள வேண்டும்.